கார் வாங்கியவர்

வேங்கிக்காலில் டவுன் பஸ் ஏறினேன். முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம், "ஸ்போர்ட்ஸ் கார் வாங்குனதுல இருந்து பஸ்லதாங்க போறேன்" என்றார்.

"ஓடலீங்களா?"

"பழைய வண்டிங்க. பார்ட்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும். ஒண்ண மாத்துனா இன்னொண்ணு போயிடுது. செலவு ஜாஸ்தி ஆயி, சம்சாரத்தோட ஸ்கூட்டரையும் வித்துட்டேன். அவ ஆபீஸுக்கு நடந்தே போறா."

"பேசாம கார வித்துடுங்களேன்."

"விக்கலாம்னுதான் போன வாரம் ஒருத்தர வரச் சொன்னேன். ஓட்டிக் காட்டுங்கன்னாரு. அன்னைக்குன்னு பாத்து, சாவியத் திருப்புன உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சுங்க. செங்கம் ரோடுல பறந்துச்சு! அவரும் கேட்ட வெலய தரேன்னுட்டாரு."

"அப்புறமென்ன, குடுத்துட்டீங்களா?"

"எப்படிங்க குடுப்பேன்? அவ்ளோ நல்லா ஓடற வண்டிய யாராவது விப்பாங்களா?"