பதினொரு வேஸ்டுத் தாள்கள்

காலண்டர் அச்சடித்து அச்சடித்தே காலத்தைக் கைக்குள் வைத்திருக்கும் கதிர்மணி அச்சகத்தின் உரிமையாளர், இந்த விழாவின் தலைவர், ரத்தினசாமி அண்ணாச்சி அவர்களே! எண்ணெய்ப் பரோட்டா ஆறுவதற்குள் நான் முடித்துவிடுவேன் என்று நம்பி வந்திருக்கும் விருதுநகர் வியாபாரப் பெருமக்களே! முன்வரிசையை முழுமையாகக் கைப்பற்றி, முறுக்குப் பொட்டலம் பிரித்து, முகமலர்ந்து வீற்றிருக்கும் பைண்டிங் பிரிவுத் தாய்மார்களே! மூலையில் நின்றபடி என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி மெகருன்னிசா அவர்களே! உங்கள் அனைவருக்கும் செய்யது அபுதாஹிரின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

பருப்புக் கடைக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்ததற்காக இந்த விழா. பாராட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். ஆனால் அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று எவராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். கதவருகே இருப்பவர்கள் கதவைச் சாத்துங்கள்!

தொழிலாளி ஏன் ஒரு கம்பெனியில் நிலைத்து நிற்கிறார்? இதுதான் என் ஆய்வு. ஆய்வென்றால் கருத்தாக்கம் வேண்டும். கருத்தாக்கங்களைக் கோத்துக் கட்டக் கோட்பாட்டுச் சட்டகம் வேண்டும். நான் என்ன செய்தேன்? கடல் கடந்து வந்த கனமான புத்தகம் ஒன்றைத் திறந்தேன். அதிலிருந்த ஐந்து பெட்டிகளையும் ஒன்பது அம்புக்குறிகளையும் அப்படியே பெயர்த்தேன். ஊதியம் ஒரு பெட்டி, மேலாளர் ஒரு பெட்டி, நிறுவனப் பெருமை ஒரு பெட்டி! நான் ஆராய எடுத்துக்கொண்ட இதே கதிர்மணி அச்சகத்தின் மேற்பார்வையாளர் தங்கச்சாமியிடம் அந்தப் படத்தைப் பெருமையோடு காட்டினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"பொட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். இதுல ஆளு எங்கன நிப்பாக?" என்றார்.

சிரிக்காதீர்கள்! அன்று நானும் உங்களைப் போலத்தான் சிரித்தேன்.

ஏழாண்டுகள் உருண்டன. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டது. ஏழு வருட உழைப்பும் குப்பைக்குப் போகும்! சீசன் முடிந்து ஓய்ந்திருந்த ஜனவரியில் தொழிலாளர்கள் நிரப்பித் தர முந்நூறு வினாத்தாள்களோடு அச்சகத்துக்கு ஓடினேன். எப்படி நிரப்புவது என்று காட்ட, ஒரு தாளில் என் விவரங்களையே எழுதி, கேள்விகளுக்குக் கை போன போக்கில் டிக் அடித்துத் தங்கச்சாமியிடம் கொடுத்தேன். ஒன்பதாவது கேள்வியில் என் பேனா ஒரு சொட்டு மை கக்கிவிட்டது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் கட்டுக் கட்டாகத் தாள்கள் வந்தன. என்ன அழகு! என்ன அடுக்கு! ஆசையோடு பிரித்தேன். முதல் தாள்: ஆண், வயது நாற்பத்தொன்று, தொழில் கல்லூரி விரிவுரையாளர். இரண்டாம் தாள்: ஆண், வயது நாற்பத்தொன்று, கல்லூரி விரிவுரையாளர். மூன்றாம் தாள், முப்பதாம் தாள், இருநூறாம் தாள்... தாய்மார்களே, நீங்கள் அத்தனை பேரும் நானாக மாறியிருந்தீர்கள்! ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும், அதே இடத்தில், அதே அளவில் ஒரு மைப்பொட்டு!

பதினேழாவது கேள்வி, 'இந்த நிறுவனத்தை விட்டு விலக விரும்புகிறேன்.' எல்லாத் தாளிலும் 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்!' அண்ணாச்சி, தண்ணீர் குடியுங்கள். அந்த டிக் நான் போட்டது.

அச்சகத்துக்குப் பறந்தேன். "என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டீங்களே தங்கச்சாமி!" என்று கத்தினேன். அந்த மனிதர் அசையவில்லை.

"நீங்க குடுத்த சாம்பிள்தானே சார்? ஓகேன்னு கையெழுத்துப் போட்டுச் சுவத்துல தொங்கவிட்டோம். சாம்பிளுக்கு மாறி ஒரு தாளு வெளிய போகுமா? பொட்டு இல்லாத தாள நான் விடவே இல்ல. பதினொன்னுதான் மாறிப்போச்சு. வேஸ்டுன்னு தனியாக் கட்டி வச்சிருக்கேன்."

குற்றம் யாருடையது? காலண்டர் அடிக்கும் கைகளிடம் ஒரு மாதிரியைக் கொடுத்தால் அவை என்ன செய்யும்? அந்த அச்சகத்தின் பழக்கமே தெரியாமல் அச்சகத்தை ஆராயப் போன என் குற்றம்தான்!

அந்த வேஸ்டுக் கட்டையும் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். நடந்ததை மெகருன்னிசாவிடம் சொன்னேன். "அந்தப் பதினொன்னப் பாத்தீகளா மச்சான்?" என்றார்.

"அது வேஸ்டும்மா."

"வேஸ்டு மத்ததுதான். இதப் பிரிங்க மொதல்ல!"

பிரித்தேன். பன்னிரண்டாவது கேள்வி, 'நீங்கள் இங்கே தொடர்ந்து பணியாற்றக் காரணம் என்ன?' நான்கு கட்டங்கள் கொடுத்திருந்தேன். ஒன்றிலும் டிக் இல்லை. ஓரத்தில் பென்சிலால் 'யோகேஸ்வரி' என்று எழுதியிருந்தது. அடுத்த தாளில் 'செல்லக்கனி'. பதினொன்றில் ஏழு தாள்களில் ஒரு பெண்ணின் பெயர்! கடல் கடந்த எந்தப் புத்தகத்தில் ஐயா யோகேஸ்வரி என்றொரு காரணம் இருக்கிறது?

யோகேஸ்வரி என்று எழுதியவர் சொர்ணலட்சுமி. இதோ, முன்வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். அவரிடமே போய்க் கேட்டேன்.

"சிவகாசியில கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டாக சார். நான் போயிட்டா பக்கத்தாளு யோகேஸ்வரியோட காலண்டர்க் கட்ட யாரு சரிபாப்பா? அவளுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். கட்டு தப்புன்னு திரும்பி வந்தா அவள வேலைய விட்டு அனுப்பிருவாக. எனக்குக் காய்ச்சல்னா என் கட்ட அவ பாப்பா. இத விட்டுட்டு எங்கன போக?"

நின்றுவிட்டேன். நிறுவனத்தின் மீது பற்றா? இல்லை. மேலாளர் மீது பற்றா? மன்னியுங்கள் அண்ணாச்சி, அதுவும் இல்லை. பக்கத்து ஆளின் மீது பற்று! ஐந்து பெட்டிகளையும் கிழித்தேன். ஒன்பது அம்புகளையும் ஒடித்தேன். மேசை மேசையாக உட்கார்ந்து கேட்டேன். 'பக்கத்தாள் பற்று' என்று நடுவில் ஒரே பெட்டி வரைந்து, அதைச் சுற்றிச் சட்டகத்தைக் கட்டினேன். ஆள் எங்கே நிற்பார் என்று கேட்டாரே தங்கச்சாமி, நடுவில் நின்றார்! மார்ச் முப்பத்தொன்று, மாலை நாலரை மணிக்கு ஆய்வேடு அலுவலக மேசையில் விழுந்தது.

யார் அங்கே கைதட்டுவது? பொறுங்கள், வாய்மொழித் தேர்வு பாக்கி இருக்கிறது.

பொது வாய்மொழித் தேர்வு, எவரும் வந்து கேட்கலாம். இருக்கன்குடிக் கோயிலுக்குப் பிடிக்கும் அதே வேனைப் பிடித்து இந்தத் தாய்மார்கள் மதுரைக்கே வந்துவிட்டார்கள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கருத்து எந்த நூலிலும் இல்லையே! பதினொரு தாளில் பிறந்ததை நான் எப்படி நம்புவது? இதைச் சரிபார்த்தது யார்?" என்றார்.

ஏழாண்டும் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சொர்ணலட்சுமி எழுந்தார்.

"நாங்கதான்யா. எங்க மேசையில உக்காந்து ஒவ்வொரு பக்கமா வாசிச்சுக் காட்டுனாரு. ரெண்டு எடத்துல தப்பா எழுதியிருந்தாரு, திருப்பி விட்டோம். சரிபண்ணிக் கொண்டாந்தாரு. இப்ப அவரு கட்டு சரியா இருக்கு."

தேர்வாளர், "உங்கள் பெயர்?" என்றார்.

"சொர்ணலட்சுமி. பைண்டிங், மூணாவது மேச."

அதை அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என் தாளில் கையெழுத்திட்டார். ஏழாண்டில் ஒருநாளும் அழாத நான் அன்று அத்தனை பேர் முன்னால் அழுதேன். யாருடைய பற்றை ஆராயப் போனேனோ, அவர்கள் என்னையும் பக்கத்தாளாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! இதைவிடப் பெரிய பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தந்துவிடும்?

தலைவர் மணியைத் தொடுகிறார், முடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு உண்மை. இந்த உரையையும் நேற்று மூன்றாவது மேசையில் வாசித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் வேஸ்டு என்று வெட்டிவிட்டார்கள். இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டது ஓகே ஆன பகுதி மட்டும்!

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் கொட்டாவி விட்டவர்களுக்கும், என் கட்டைத் திருப்பி அனுப்பிய கைகளுக்கும் நன்றி. வணக்கம்.