பயணத்துக்கு ஏற்ற மைக்

பயணத்துக்கு மைக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடையைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, லாட்ஜ் அறையில் போய் உட்கார்ந்த பிறகு தலையில் கை வைக்கிறார்கள். ஒரு மைக் எதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் விடும் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அக்கா, நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கான பதில் போனில் சொல்லி முடிகிறதில்லை. அதனால் எழுதுகிறேன்.

"நாள் முழுக்க அவ குரலத்தானே தம்பி காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க? உங்களுக்குமா தெரியாமப் போச்சு?" என்றீர்கள். நியாயமான கேள்வி.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு சுற்றுகிற கருவியில் பேசுவது உங்கள் தங்கை. பதிவு செய்வது நான். ஊருக்குப் பத்து நாள், பன்னிரண்டு நாள். போனதும் லாட்ஜ் பீரோவைத் திறந்து எங்கள் துணிகளை நெருக்கமாகத் தொங்கவிடுவேன். அவள் அதற்கு எதிரே, துணியோடு பேசுவதுபோல் உட்கார்ந்து படிப்பாள். தலைக்கு மேல் ஒரு போர்வை. எதிரொலி வராது.

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அறைகளில் ஹெட்ஃபோனை மாட்டினால் அவள் குரல் என் காதுக்குள்ளேயே இருக்கும். "இடப்பக்கம் திரும்புங்கள், அந்தக் குதிரையின் கண்ணைப் பாருங்கள்" என்பாள். முகம் தெரியாத யாருக்கோ சொல்வதுதான். இருந்தாலும் முதலில் கேட்பவன் நான். பதினோரு வருடம் அதை வைத்துத்தான் ஓட்டினேன். எனக்குத் தனியாக இருக்கப் பயம், அக்கா. இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் ஒருநாள் பெட்டி அடுக்கும்போது சொன்னாள்.

"இந்த அஞ்சு ஊரோட போதுங்க. அப்புறம் நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்கேயே ஏதாவது ஸ்கூல்ல சேர்ந்துக்கறேன்."

"அப்ப நான்?"

"உங்களுக்கு என்னங்க, உங்க வேலை இருக்கே."

கோபமே இல்லாமல் சொன்னாள். சோப்பு எடுத்து வைத்தாயா என்று அடுத்து கேட்டது நான்தான்.

இரண்டாவது ஊரில் அது காதில் பட்டது. வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு கரகரப்பு, மண் கலந்த அரிசியை மெல்வதுபோல. பழைய மைக் மகா கூர்மை. எச்சில் விழுங்கினால்கூடப் பிடித்துவிடும். சளி என்றால் எனக்குத் தெரியும். சளி காலையில் கட்டி மதியத்துக்குள் இளகிவிடும். இது இளகவில்லை. முன்பு ஒரு நாடக நடிகருக்கு இதே கரகரப்பு வந்ததைப் பதிவு செய்தவன் நான். அவருக்கு அது தொண்டைப் புற்றுநோயாக முடிந்தது என்பதும் தெரியும். மூன்றாம் நாளே எனக்குச் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது.

சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரி. நீங்கள் வருவீர்கள். அவளை அழைத்துக்கொண்டு போவீர்கள். எனக்கு இன்னும் மூன்று ஊர் மிச்சம் இருந்தது.

அதனால் மைக்கை மாற்றினேன். கடைக்காரர் நான்கை எடுத்துப் போட்டார். சட்டையில் குத்துகிற மைக் உடை உரசுவதையெல்லாம் பதியும், ஒதுக்கினேன். போனில் செருகுவது ஒன்று, மேசையில் நிற்பது ஒன்று, இரண்டும் கூர்மை. நான்காவது டைனமிக் ரகம். வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால்தான் கேட்கும், நுணுக்கமான ஒலிகளைக் கண்டுகொள்ளாது. "சார், கொஞ்சம் மந்தமா இருக்குமே" என்றார். பரவாயில்லை என்றேன். அவளிடம் லிஃப்ட் சத்தத்தைக் காரணம் சொன்னேன். அந்த லாட்ஜ் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று பெருமூச்சு விடும், அதில் பொய் இல்லை. பயணத்தில் இருப்பவர்களுக்கு அந்த ரகத்தைத்தான் இன்றைக்கும் நான் சிபாரிசு செய்வேன்.

நான்காவது ஊரில் அவளே சொன்னாள்.

"தொண்டை ஏதோ மாதிரி இருக்குங்க. எதிர்ல காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்காரு, டோக்கன் வாங்கிட்டேன்."

"முதல்ல நேத்துப் பதிஞ்சதக் கேட்டுப் பாரு. தொண்டை பொய் சொல்லும், மைக் சொல்லாது."

எந்த அருங்காட்சியகமாக இருந்தாலும் தொடக்க வணக்கம் ஒன்றேதான், எழுத்து மாறாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் அவள் படித்த வணக்கத்தைப் போட்டுவிட்டு, ஹெட்ஃபோனை நானே அவள் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். முகம் தெளிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. நான்தான் வீணா பயந்துட்டேன்" என்று சிரித்தாள். டோக்கனைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு எதுவும் கஷ்டமாக இல்லை. அவள் சம்மதித்துவிட்டாள் என்று எங்களுக்கு வேலை தருகிற கம்பெனியிடம் சொல்லி ஐந்து ஊரை ஒன்பதாக்கினேன். கம்பெனி கெஞ்சுகிறது என்று அவளிடம் சொன்னேன். சந்தேகம் வரும்போதெல்லாம் பதிவைக் கேட்க வேண்டும் என்பாள், பழையதில் ஒன்றைக் கேட்க வைப்பேன். ஏழு மாதம். எங்கள் கல்யாணத்தில் அவள் என்னை அதிகம் நம்பிய காலம் அது.

ஒன்பதாவது ஊரில் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். இரண்டு வாரம் என்றாள். அவர் கேட்டது அவளிடம், அதனால் நான் குறுக்கே பேசவில்லை. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இப்போது குரல்வளை இல்லை. கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறாள். அதைச் சுத்தம் செய்வது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆக, தெரியாமல் போகவில்லை. அந்த மூன்றாம் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். "வந்து கூட்டிட்டுப் போ" என்று உங்களுக்கு அவள் போனில் எழுதி அனுப்பினாளாம். எழுத்தை விடுங்கள், அக்கா, அவசரத்தில் யாரும் எதையும் எழுதுவார்கள். அவள் குரலை என்னைவிடக் கவனமாகக் கேட்டவர்கள் கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு இத்தனை நாளில், போகிறேன் என்று அவள் என் காதுபட ஒருமுறைகூடச் சொல்லவில்லை.