நாலு ஸ்க்ரூ தகடு

ஐயோ சார், அந்தக் குழாயைத் திறந்துடாதீங்க! அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினப்புறம்தான் தண்ணி விழணும். முன்னாடியே ஒரு சொட்டு விழுந்தாலும் என் வேலை போயிடும். பரிசோதனைக்குத் தண்ணி எடுக்கணுமா? எடுக்கலாம் சார், அதுக்குத்தானே வந்திருக்கீங்க. சித்த நிழல்ல உக்காருங்க.

நானா? கம்பெனியில சமூக நலப் பிரிவு. பிரிவுன்னா நான் ஒருத்தன்தான். எதிர் மேசைக்காரர் அரசுத் தொடர்பு. முன்னெல்லாம் நான் பாட்டுக்கு எங்கயாவது மரம் நடுவேன், அவரு பாட்டுக்கு அனுமதி கேட்டு அலைவாரு. ரெண்டும் தண்டச் செலவுன்னு ஒரு ஆலோசகர் வந்து கண்டுபிடிச்சு, மேசைய ஒட்டிப் போட்டுட்டாரு. இப்ப எந்தக் கையெழுத்து வேணும்னு அவரு சொல்வாரு. அந்தக் கையெழுத்துக்காரர் தொகுதியில போய் நான் நல்லது செய்வேன். பங்கு விலை எகிறிடுச்சு சார், சத்தியமா!

இந்தக் கல்வெட்டைப் பாருங்க. அமைச்சர் பேரு மட்டும் தனித் தகடு, நாலு ஸ்க்ரூ. ஆட்சி மாறினா கல்லை இடிக்க வேண்டாம், தகட்டைக் கழட்டினாப் போதும். என் யோசனைதான். விருதே குடுத்தாங்க. சிரிக்காதீங்க, வீட்ல ஷோகேஸ்ல இருக்கு. என் பொண்ணுதான் தெனமும் தொடைச்சு வைப்பா. இப்பக் கொஞ்ச நாளா தொடைக்கிறதில்ல.

ஆமா, இப்ப வேண்டியது ரெண்டாவது சாய ஆலைக்குக் கையெழுத்து. இங்க நிலத்தடித் தண்ணி சுத்தம்னு நீங்க எழுதிட்டா, அமைச்சர் இன்னிக்கே போட்டுடுவாரு.

பின்னாடி என்ன லாரியா? அது வந்து... தொட்டிக்குத் தண்ணி விடுது. ஆமா, பலகையில ஆழ்துளைக் கிணத்துத் தண்ணின்னுதான் போட்டிருக்கு. நான்தான் போட்டேன். லாரியையும் நான்தான் வரச் சொன்னேன். குழாய்ல பிடிச்சீங்கன்னா கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணை மூடிக்கிட்டு எழுதலாம்.

பாட்டிலைத் திறந்துட்டீங்களா? இருங்க சார். மூடிடுங்க.

ஆலைக்குப் பின்தெருவுல ஒரு அடிபம்பு இருக்கு. பொடிநடையா போனா அஞ்சு நிமிஷம். அமைச்சர் வர்றதுக்குள்ள திரும்பிடலாம். அங்க வந்து பிடிச்சுக்கோங்க. வேலைதானே, போனாப் போகுது சார். பொண்ணுக்குக் கையெல்லாம் கொப்புளம், துணியைப் பிடிக்க முடியல.

படிவத்துல தண்ணி எடுத்த இடம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதுறதா? சமூக நல அதிகாரி வீட்டு வாசல்னே எழுதுங்க சார்.