கட்டி வளர்க்கிற அறை

...மூணாவது தட்டும் போச்சுண்ணே! நேத்து வரைக்கும் தெளிவா இருந்த தண்ணி, காலையில வந்து பாத்தா பால் ஊத்தின மாதிரி கலங்கிக் கெடக்கு. எல்லாம் இந்தக் காத்தை வடிகட்டிக் குடுக்கிற உங்க கம்பெனி ஹூட்டாலதான். நல்லா கழட்டிப் பாருங்க. ஃபில்டர் கிழிஞ்சுதான் இருக்கும். இல்லாட்டி கிருமி எப்படி உள்ள வரும்? நீங்க பாருங்க, நான் பக்கத்து ஹூட்டுல வேலையை முடிச்சுடறேன்.

இது விளையாட்டு இல்லண்ணே. ஒரு டீச்சரம்மா வயித்துலேருந்து எடுத்த புத்துநோய்க் கட்டி. சுண்டு விரல் நகம் அளவு. அதை நாலா நறுக்கி, நாலு தட்டுல வளர்த்து, மருந்து ஊத்திப் பாக்கணும். எதுக்குச் சாகுதோ அதை அந்தம்மாவுக்குக் குடுக்கணும். இன்னொரு தடவை வயித்தைக் கிழிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மிச்சம் இந்த ஒரே தட்டு!

அந்தம்மா உடம்புல கேக்க ஆளில்லாம வளர்ந்த சனியன், இங்க வந்ததும் மகாராணி ஆயிடுச்சு. அளவா சூடு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா புதுச் சாப்பாடு... என் வீட்டுக்காரருக்கே நான் இவ்வளவு செஞ்சதில்ல. அதுக்கும் ஒரு சண்டை... சரி, அதை விடுங்க.

பக்கத்து சீட்டுக்காரிகிட்ட, 'கை கழுவினியா'ன்னு கேட்டேன். ஒரே ஒரு வார்த்தைதாண்ணே! மூஞ்சியைத் தூக்கிட்டு போன மாசமே வேற ரூமுக்குப் போயிட்டா. கலங்கின தண்ணியில என்ன கிருமின்னு கண்டுபிடிக்க டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சா, அந்த டெஸ்ட் பண்றவன் எழுதறான், 'மனுஷ வாயில இருக்கிற கிருமி'ன்னு! யார் வாய்? ஒரு மாசமா இங்க என்னைத் தவிர யார் இருக்கா?

என்னது, ஃபில்டர் நல்லாருக்கா? காத்தும் சரியா வருதா? இன்னொரு தடவை பாருங்க.

ஏன் மூஞ்சியைத் தொட்டுக் காட்டுறீங்க? மாஸ்க்கா? போட்டிருக்கேனே, தாடையில. மேல ஏத்தினா நான் பேசறது உங்களுக்குக் கேக்க வேணாமா? வாயை மூடிக்கிட்டு எனக்கு வேலை ஓடாதுண்ணே... என்ன? எந்தத் தட்டு? இதுவா? சாப்பாடு மாத்தத் திறந்தேன்... நீங்க வந்தப்ப திறந்...

அய்யய்யோ.

மூடிட்டேன். மாஸ்க்கையும் ஏத்திட்டேன். அண்ணே, ரிப்போர்ட்டுல ஹூட்டு ரிப்பேர்னே எழுதிடுங்களேன். உங்களுக்கு என்ன நஷ்டம்? ஏற்கனவே எழுதிட்டீங்களா? 'நல்ல நிலையில் உள்ளது'... அண்ணே! கதவைச் சாத்திட்டுப் போறீங்களே... தண்ணி இப்ப தெளிவாத்தானே இருக்கு? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கண்ணே... நாளைக்குக் காலையிலதான் தெரியும், இல்ல?