வித்துக்கு விட்ட தென்னை

அந்தக் காரை வாங்கலாமா என்று இப்போது யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன், சார். அழகில் குறையே இல்லை. நல்ல சிவப்பு, மேலே மடக்கி வைக்கிற துணிக்கூரை, ஸ்டார்ட் பண்ணினால் குன்னத்துகால் ஜங்ஷனே திரும்பிப் பார்க்கும். ஆனால் எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி மழை, மீதி நாள் வெயில் மண்டையைப் பிளக்கும். எந்த நாளில் கூரையைத் திறப்பது? பின்னால் ஒரு சாக்கு அரிசி வைக்க இடம் கிடையாது. ரோட்டுக் குழியில் இறங்கினால் அடி தட்டும். எல்லாம் போகட்டும், இருக்கை இரண்டுதான். எங்கள் வீட்டில் ஆள் மூன்று.

என் கணவர் மோகனன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டியவர். கஷ்டப்பட்ட மனுஷன், அதை நான் மறுக்கவில்லை. இப்படிப்பட்ட வண்டிகளில் அரபிப் பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போவதைக் கிரேன் மேலிருந்து பார்த்துப் பார்த்து மனசில் வைத்திருந்தார். ஊருக்கே திரும்பி வந்த சமயத்தில், நம் நாட்டிலும் அதுபோல ஒன்று செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். அப்புறம் அவரை யார் பிடிப்பது?

மூன்றாவது ஆள் எங்கள் மகன் உண்ணி. பதினான்கு வயது. பிறந்தபோது மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்கள். நடக்க மாட்டான், பேச மாட்டான், உட்கார வைத்தால் சரிந்துவிடுவான். எங்கே கொண்டுபோனாலும் கிடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்காகவே ஒரு பழைய வேன் வைத்திருந்தோம். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்திருந்தேன். வலிப்பு வந்தால் பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிடுவேன். நெய்யாற்றின்கரை ஆசுபத்திரி வரை உண்ணியின் தலை என் மடியில் இருக்கும். அவன் உயிர் அந்த வேனில்தான் இருந்தது.

அந்த வேனை விற்றுத்தான் கார் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு முற்றத்தில் நிறுத்திவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எட்டி லேகா, வண்டி கொள்ளாமா?"

"ரெண்டு ஆளுதானே இருக்கலாம். உண்ணியெ எங்க கிடத்துவிய?"

"அவனெ எங்க கொண்டுபோறதுக்காக்கும்? ஆசுபத்திரிக்குத்தானே. ஜீப்பு விளிச்சா வரும்."

கர்க்கடக மாசத்தில், ஆடி மழை கொட்டுகிற ஒரு மத்தியானம் வலிப்பு வந்தது. அவர் நண்பர்களுக்கு வண்டியைக் காட்டப் பூவாருக்குப் போயிருந்தார். பூத்துக்கு ஓடிப்போய் ஜீப்புக்காரனுக்குப் போன் பண்ணினால், ஜீப் கல்யாண ஓட்டத்தில் இருக்கிறது என்றார்கள். உண்ணியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். அவன் கால் தரையில் இழுபட்டது. மழையில் நின்று கையை நீட்டினேன். கடைசியில் ஒரு மீன் டெம்போ நின்றது. மீன் பெட்டிகளுக்கு நடுவில் என் பிள்ளையைக் கிடத்திக் கொண்டுபோனேன், சார். உயிர் பிழைத்தான். ஆனால் அதுவரை என் குரலைக் கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பு போய்விட்டது. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கூலி.

அவரும் அழுதார். பொய் சொல்லக் கூடாது. நனைந்த இருக்கையைத் துடைத்துவிட்டு வந்து அழுதார்.

வண்டியைக் கொடுத்துவிட்டு வேன் வாங்குங்கள் என்று காலைப் பிடித்தேன். பாறசாலையில் இருக்கிற என் அண்ணன்மாரிடம் போய்ச் சொன்னேன். "அவன் மணல்காட்டில கெடந்து சம்பாதிச்சது, நமக்கு என்ன சொல்ல முடியும் மக்கா" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

இனி ராஜையா ஸ்டேஷனில் உங்களிடம் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய் வெட்ட அவன்தான் எங்கள் வீட்டுக்கு வருவான். முற்றத்தில் கார் நிற்கிற இடத்துக்கு மேலே ஒரு தென்னை சாய்ந்திருக்கிறது. முன்பு அங்கே வேன்தான் நிற்கும். ஒருதடவை முற்றிக் காய்ந்த நெற்றுத் தேங்காய் விழுந்து வேன் கூரையில் குழி விழுந்தது. அதற்குப் பிறகு ராஜையா வந்தால் முதலில் அந்தத் தென்னையில்தான் ஏறுவான். இந்தத் தடவை, ஏற வேண்டாம், வித்துக்கு விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். வித்துத் தேங்காயை மரத்திலேயே முற்ற விட்டு, கயிற்றில் கட்டி இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ராஜையாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"யம்மா, இது வித்துக்குக் கொள்ளாது. காயி சின்னதாக்கும். மூத்தா தானே உளுந்திரும். கீழ ஆளு நடக்கப்பட்ட எடமாக்கும்."

"நான் பாத்துக்கிடுதேன். நீ மத்ததெ வெட்டு."

கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனைக் குறை சொல்லாதீர்கள்.

மோகனன் ஒருநாள் மேலே பார்த்துவிட்டுக் கேட்டார். வித்துக்கு என்றேன். "நல்ல காயி" என்று சொல்லிவிட்டுக் காரைத் துடைத்தார். பன்னிரண்டு வருஷம் மணலைப் பார்த்தவருக்குத் தென்னையைப் பற்றி என்ன தெரியும்?

வண்டி உடையட்டும் என்றுதான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழுக்க சரியில்லை. சாயங்காலம் கூரையை மடக்கிவிட்டு, எங்கேயும் போகாமல் அதிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். அந்த நேரத்தில்தான் நான் அடுக்களை ஜன்னலில் நின்று மேலே பார்ப்பேன். ஒருநாள் காலையில் கார் பக்கத்தில் ஒரு நெற்று விழுந்து கிடந்தது. அவர் எழும்புவதற்கு முன்னால் எடுத்து விறகுக்குள் போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசியில் வருகிற துலா மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று. அவர் உண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இடப்பக்க இருக்கையைச் சாய்த்து, தலையணை வைத்து, என் பழைய முண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். அந்த இருக்கை அவ்வளவு சாயும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"மக்கா, அப்பன்கூட பூவாரு வரெ போலாம். ஒனக்குக் கடலு காணாண்டாமா?"

துணிக்கூரையை மடக்கினார். உண்ணியின் முகத்தில் காற்றுப் பட்டது. உண்ணி சிரித்தான், சார். என்னிடம் திரும்பி வராத சிரிப்பு அந்த வண்டியில் வந்தது. அவர் உள்ளே ஏறி, கேசட் தேடிக்கொண்டே அவனைப் பார்த்து அவரும் சிரித்தார். இரண்டு இருக்கை, இரண்டு பேர். எல்லாம் சரியாக இருந்தது.

விழுந்த ஒரே காய் உண்ணியின் உயிரை எடுத்தது. காரில் ஒரு கீறல் இல்லை. மோகனன் மேலே ஒரு தூசி விழவில்லை. என்னால்தான், நான் வண்டி வாங்கினதால்தான் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு கிடக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

காற்று அடித்தபோது அவரை ஏன் கூப்பிட்டுத் தடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நேரம் இல்லை என்று முதலில் சொன்னேன். நேரம் இருந்தது. கூப்பிட்டால் அவர் மேலே பார்ப்பார், ராஜையா வந்து காயை இறக்குவான், வண்டி மட்டும் அங்கேயே நிற்கும், அதனால் கூப்பிடவில்லை என்று சொல்லலாம். அவரைத்தான் நினைத்தேன், பிள்ளை நடுவில் வந்துவிட்டான் என்றும் சொல்லலாம். பெற்றவள் சொன்னால் ஊர் நம்பும். இன்று காலை வரை நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

காற்று பலமாக வந்தபோது அடுப்பில் உண்ணியின் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்குச் சூடு ஆகாது. பதினான்கு வருஷமாக, கஞ்சியை இறக்கியதும் தட்டத்தில் ஊற்றி விசிறி ஆற வைப்பேன். எனக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட என் கை அதைத் தானாகச் செய்யும். அன்று கஞ்சியை இறக்கினேன். திரும்பி வந்து குடிக்கட்டும் என்றுகூட நினைக்காமல் மூடி வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குத் திரும்பி வந்தேன். சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. தட்டத்தை நான் எடுக்கவே இல்லை, சார்.