சுற்றாத குமிழ்

— அப்ப ஸ்டுடியோவுலேந்து படம் இன்னிக்கும் வரலீங்களா?

— நாளைக்கு வரச் சொன்னான் வல்லி.

— நேத்தும் இதத்தான சொன்னீங்க! நாளைக்கு எங்கம்மாவுக்குக் கருமாதி. படத்துக்கு மாலை போடணும்னு கம்மாபுரத்துலேந்து அண்ணன் ஆள் மேல ஆள் அனுப்பிக்கினு இருக்கு.

— ஒரு குத்துவெளக்க ஏத்தி வச்சிப் படைச்சா ஆவாதா?

— வெளக்குல எங்கம்மா மொவம் தெரியுமா? வேற படம் ஏதுங்க அதுக்கு? நெலக்கரி மைன்ஸுக்குன்னு எங்க வூட்ட இடிக்கறதுக்கு முன்னால, எல்லாரையும் வாசல்ல நிக்க வச்சி நீங்க புடிச்சதுதான்.

— தெரியுது...

— அன்னிக்கு என்னா மிடுக்கு! கரண்ட் எடுக்கற தெர்மல்ல வேல பாக்கற ரஷ்யாக்காரரு காமிராவ இரவல் வாங்கியாந்து, "யாரும் ஆடாதீங்க"ன்னு எங்க சித்தப்பாவையே அதட்டுனீங்க.

— கிண்டல் பண்ணாத.

— எவ்ளோ எடுத்தாலும் தீராத ரோலுன்னு பெருமை வேற!

— வல்லி...

— என்னாங்க? ஏன் தலைய குனிஞ்சிக்கினீங்க?

— ரோல கழுவி ஒரு வாரம் ஆவுது.

— அப்புறம்?

— ஒண்ணுமே இல்ல. மொத்தமும் வெறும் கண்ணாடியாட்டம் இருக்கு.

— வெளிச்சம் பட்டுடுச்சா?

— பட்டிருந்தா கறுத்திருக்கும். பிலிம் நுனிய அந்தப் பக்கத்து உருளையில சொருவணும். நான் சொருவுனது நழுவிடுச்சி. பிலிம் ஓடவே இல்ல... சத்தம் மட்டும் கேட்டுக்கினு இருந்துச்சி.

— ம்...

— அந்த ரஷ்யாக்காரரு கைய ஆட்டி ஆட்டிக் காட்டுனாரு. இந்தப் பக்கம் திருவுனா அந்தப் பக்கத்துக் குமிழு சுத்தணும், சுத்தலன்னா தொறந்து மறுபடி மாட்டுன்னு. அத உங்க வூட்டாளுங்களுக்கெல்லாம் வெளக்கினேனே தவிர, நான் பாக்கல.

— ஆமா. நல்லாத்தான் வெளக்குனீங்க.

— அத்தைகூடக் கதவு சந்துலேந்து கேட்டுக்கினு இருந்தாங்க.

— மாப்ளைக்கு எதுர வந்து பேசற பழக்கம் அதுக்கு ஏது?

— நீ கையப் புடிச்சி இழுத்தாந்த பெறவுதான் வந்து நின்னாங்க. புதுச் சீலை வேற... எனக்குக் கண்ணுலயே நிக்குது. பேப்பர்லதான் இல்ல. திட்டு வல்லி. நாலு வார்த்த திட்டிடு. இப்பிடி சும்மா இருக்காத.

— எப்பிடிங்க திட்டுவேன்? அங்க நிக்கறப்பவே எங்கம்மா எங்காதுல சொல்லிச்சி. "மாப்ள சொன்ன குமிழு சுத்தலியேடி, அவருகிட்ட சொல்லுடி"ன்னு. அத்தன பேரு முன்னால உங்களுக்குத் தலகுனிவாப் பூடுமேன்னு, "நீ சும்மா நில்லும்மா"ன்னு நான்தாங்க அது வாய அடச்சேன்.