தானாக நிற்காத கடிகாரம்

கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது எல்லோருக்கும் வருகிற காரியமல்ல, இன்ஸ்பெக்டர். அவசரக்காரர்கள் இறுக்கித் திருகி வில்லை ஒடித்துவிடுவார்கள். சோம்பேறிகள் பாதியில் விட்டுவிடுவார்கள். என் தம்பி மதலைமுத்து இரண்டு வகையிலும் சேர்த்தி. அதனால்தான் அப்பா சாகும்போது சாவியை என் கையில் கொடுத்தார்.

எங்கள் தாத்தா கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார். பிரான்சிலிருந்து வந்திருந்த சாமியார் ஊர் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன மேசைக் கடிகாரம் அது. உச்சியில் குழந்தை இயேசுவை ஏந்திய மாதா, இரண்டு பக்கமும் இறக்கையோடு முழங்காலிட்ட சம்மனசுகள், எல்லாம் பித்தளையில் தங்க முலாம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைதோறும் காலையில் செபமாலை சொல்லி முடித்துச் சாவி கொடுப்பேன். வீட்டில் சாவு விழுந்தால் கடிகாரத்தின் பின்கதவைத் திறந்து பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்துவோம். அடக்கம் முடிந்து வந்துதான் மறுபடி ஓடவிடுவோம். குடும்ப வழக்கம்.

மதலைமுத்து அரூர் மண்டியில் புளி எடை போடுகிறவன். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் தீர்த்தம்மாள். ஞானஸ்நானம் வாங்கி இத்தனை வருஷமாகியும் சிலுவைக் குறி போட இடது கையைத் தூக்குகிற ஜென்மம். அந்தக் கடிகாரத்தில் மணி பார்க்கக்கூட அவளுக்குத் தெரியாது. டிவி வேண்டும் என்று கேட்க மட்டும் தெரிந்தது. டிவி வைக்கக் கடிகாரம் இருக்கிற மேசைதான் வாட்டமாம்.

"அது பழைய சாமான்க்கா. பெங்களூர்ல இருந்து ஆள் வர்றான், திங்கக்கெழம தூக்கிட்டுப் போயிருவான்" என்றான் தம்பி. சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டான். மாதாவை விற்கப்போகிறவன் கொட்டாவியையாவது அடக்கியிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை தீர்த்தம்மாள் தாய்வீடு போயிருந்தாள். நான் காலையில் சாவி கொடுத்துவிட்டு, கோயிலுக்குப் போய்ப் பீடத்துக்குப் பூ வைத்தேன். மதியம் சோளக்காட்டு வழியாக வீட்டுக்கு வந்தேன். அவன் குடித்துவிட்டு மல்லாந்து கிடந்தான். தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினேன். மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு என்று பெயர்தான், காலைக்கூட ஒழுங்காக உதறவில்லை. பிறகு எச்சிலைத் துடைத்து, கண்ணை மூடி, தலையணையைத் தலைக்கு அடியில் வைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்பினேன். சாயங்காலப் பூசையும் கண்டேன்.

முதலில் வீட்டுக்கு வந்தவள் தீர்த்தம்மாள். குடித்தே செத்தான் என்று ஊரே சொன்னது. நானும் அழுதேன். அவள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அண்ணி, நீங்களும் கோயில்ல இருந்தீங்க, நானும் ஆத்தா வூட்ல இருந்தேன். நான் வந்து பாக்கறப்பவே கடியாரம் நின்னுருந்துச்சுங்க. யாருங்க நிறுத்துனது?"

அப்பா செத்தபோது நான் நிறுத்தியதை இந்த மரமண்டை பார்த்து ஞாபகம் வைத்திருக்கிறது. அதையே உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் நல்லவர், இன்ஸ்பெக்டர். "சாவி குடுக்க மறந்திருப்பீங்க, அதான் நின்னுருக்கும். இல்லீங்களாம்மா?" என்று வழியை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். அதற்குள் பக்கத்தில் நின்ற தீர்த்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க சார், பாவம், வயசாயிருச்சுங்க. மறந்துதான் போயிருப்பாங்க."

அவள் எனக்காகப் பரிதாபப்படுகிறாள். இடது கையால் சிலுவை போடுகிறவள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாவி கொடுக்க நான் ஒருநாளும் மறந்ததில்லை, என் கையில் அது தானாக நின்றதே இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். செத்தவன் எப்படிப்பட்டவனாக இருந்தால் என்ன, சாவு விழுந்த வீட்டில் கடிகாரம் ஓடலாமா?

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். மறதிக்காரி என்று மட்டும் எங்கும் எழுத வேண்டாம்.

நேற்று அவனை அடக்கம் செய்தாகிவிட்டது. கடிகாரம் இன்னும் நின்றபடியே இருக்கிறதாம். பெண்டுலத்தை ஒரு விரலால் தட்டிவிட்டால் போதும். அதைச் செய்யக்கூட அந்த வீட்டில் பொறுப்பானவர்கள் யாரும் இல்லை.